நூற்றுக்கு நாலணா

நூறு ரூபாய்க்கு வியாபாரம் நடந்தால் நாலணா தருமக் கணக்கில் ஏற வேண்டும். லாபத்தின் மேல் அல்ல, நடந்த வியாபாரத்தின் மேல். சரக்கு பருத்தியா அபினா, பேரம் பம்பாயிலா சீனத்திலா என்ற பேதமும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டேவிட் சாசூன் கம்பெனி கடைப்பிடித்த வழக்கம் இது. ராயவரத்திலோ அரிமளத்திலோ பழைய தலைமுறை ஆச்சி ஒருவரிடம் இதைச் சொன்னால் விளக்கம் கேட்கமாட்டார், மகமைதானே என்பார். நகரத்தார் கொண்டுவிற்ற ஊர்களிலெல்லாம் கடைக் கணக்கில் மகமை இருந்தது. கோயிலும் விடுதியும் பாடசாலையும் அதில் எழுந்தன.

பாக்தாதிலிருந்து உயிருக்கு அஞ்சி ஓடிவந்த ஒரு யூத வணிகர் இந்தியாவில் விட்டுச் சென்ற கொடை எத்தகையது, அதை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. புதுக்கோட்டைச் சீமையில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கடல் கடந்து ஈட்டிய பொருளில் எழுந்த கல்விச்சாலைகளும் திருப்பணிகளும் நம் மாவட்டத்தின் தெற்குப் பகுதி முழுக்க நிற்கின்றன. சாசூனைப் பற்றி நாம் சொல்லும் தீர்ப்பு நம் வீட்டுக் கணக்குக்கும் பொருந்தியாக வேண்டும்.

மேற்காசிய வணிகருக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு ஆங்கிலேயரோடு தொடங்கியது அல்ல. ஆலங்குடிப் பக்கம் கறுக்காக்குறிச்சியில் 1898இல் ஒரே புதையலாக 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. மேற்குக் கடற்கரையில் ஏறத்தாழ கி.பி. 1000இல் சேரமன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்கு அஞ்சுவண்ண உரிமைகளை அளித்து வெட்டிய செப்பேடு இன்றும் கொச்சி யூதர்களிடம் போற்றப்படுகிறது. அஞ்சுவண்ணம் என்பது மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர்களின் குழு. யூதர், கிறித்தவர், முஸ்லிம்கள் எனக் காலத்துக்குக் காலம் அதில் இடம்பெற்றோர் மாறினர். அந்தக் குழு நம் கடற்கரைக்கும் வந்தது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் தாண்டித் தெற்கே தொண்டிப் பக்கமுள்ள தீர்த்தாண்டதானத்துக் கல்வெட்டு, 1269ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மணிக்கிராமத்தாரும் அஞ்சுவண்ணத்தாரும் பிற வணிகர்களும் கூடி, துறைக்கு வந்து போகும் சரக்கின் மீது ஒரு வீதம் வைத்து, அதில் கோயிலைப் பழுதுபார்க்க ஒப்புக்கொண்டதை அது சொல்கிறது. அப்போது அஞ்சுவண்ணத்தார் பெரும்பாலும் முஸ்லிம்கள். வேற்று மதத்தார் தங்கள் சரக்கின் மேல் வரி வைத்து ஒரு சிவன் கோயிலுக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். சரக்குக்கு இவ்வளவு என்று அறத்துக்கு ஒதுக்கும் பழக்கம் இந்தக் கடலோரத்தில் எழுநூற்றைம்பது ஆண்டுப் பழமை உடையது.

சாசூனுக்கு வருவோம். அவர் 1792இல் பாக்தாதில் பிறந்தார். தந்தை ஷேக் சாசூன் பென் சாலே, ஆட்டோமான் ஆளுநர்களின் தலைமைக் கருவூலக்காரர். யூத சமூகத்தின் தலைவரும் அவரே. ஆளுநர் தாவூத் பாஷா ஆட்சியில் செல்வந்த யூதர்கள் மீது நெருக்கடி முற்றியபோது, 1829ஐ ஒட்டி, டேவிட் பாரசீகக் கரையிலுள்ள புஷயருக்குத் தப்பி ஓடினார். அங்கிருந்து 1830களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு பம்பாய் வந்து இறங்கினார். ஆளுநரின் கருவூலக்காரர் வீட்டில் வளர்ந்தவர் நாற்பதாம் வயதில் அயலூரில் புதிதாகக் கடை போட்டார். மான்செஸ்டர் துணியைப் பாரசீக வளைகுடாவுக்கு அனுப்பி, அங்கிருந்து குதிரை, பேரீச்சை, முத்து வரவழைக்கும் வியாபாரம் அது.

கால நேரமும் கூடிவந்தது. சீன வாணிபத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருந்த தனியுரிமை 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் போயிற்று. 1842இல் நான்கிங் ஒப்பந்தம் சீனத்தின் ஐந்து துறைமுகங்களைத் திறந்துவிட்டது. சாசூன் காத்திருக்கவில்லை. 1844இல் தம் இரண்டாம் மகன் எலியாஸைச் சீனத்துக்கு அனுப்பினார். எட்டு மகன்களையும் ஆளுக்கொரு துறைமுகமாகப் பழக்கினார். பாக்தாதிலிருந்தும் அலெப்போவிலிருந்தும் ஏழை யூதப் பையன்களை வரவழைத்து, தாம் நடத்திய பள்ளியில் எழுத்தும் கணக்கும் கற்பித்துக் கிளைகளுக்கு அனுப்பினார். நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, ஒருநாள் மேலாளாக உயர்ந்தவர்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது அப்படியே புரியும். கடைக் கடிதங்கள் எபிரேய எழுத்தில் அரபு மொழியில் எழுதப்பட்டன. அயலார் எடுத்தாலும் படிக்க முடியாது. 1853இல் பிரிட்டிஷ் குடிமகனாகப் பதிவு செய்துகொண்டபோது அவர் கையெழுத்திட்டது எபிரேயத்தில்தான். ஆங்கிலம் அவருக்குக் கைவரவில்லை. கடைசிவரை பாக்தாத் அங்கியும் தலைப்பாகையுமாகவே இருந்தார்.

செல்வம் எங்கிருந்து வந்தது? பருத்தி உண்டு, 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பம்பாய்ப் பருத்திக்கு வந்த கிராக்கியில் அவருக்கும் பங்கு கிடைத்தது. ஆனால் முதலிடம் அபினுக்கு. மால்வா வட்டாரத்துச் சிற்றரசுகளில் விளைந்த அபின் பம்பாய் வழியாகவும், வங்காள அபின் கல்கத்தா ஏலத்தின் வழியாகவும் சீனத்துக்குப் போயிற்று. 1839இல் சீன ஆணையர் லின் சேசூ இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைப் பறித்து அழித்தார். அதற்காகவே பிரிட்டன் போர் தொடுத்தது. இரண்டாம் அபின் போரின் நடுவே, 1858இல் இறக்குமதி சட்டப்படியானதாக்கப்பட்டது. சாசூன் குடும்பம், விளைவிப்போருக்கு முன்பணம் கொடுத்து மூலத்திலேயே சரக்கைக் கைப்பற்றும் வழியைப் பிடித்தது. 1870களில் ஜார்டின் மாத்தேசன் போன்ற பழைய பெருங்கம்பெனிகள் அபினை விட்டு விலகியபோது, இந்திய அபின் வணிகத்தின் பெரும்பகுதி சாசூன்களிடம் வந்து சேர்ந்திருந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். அபின் யூதர்களின் தொழில் என்று இதிலிருந்து எவரும் முடிவுக்கு வரக்கூடாது. ஸ்காட்லாந்துக்காரர், அமெரிக்கர், பார்சி, மார்வாரி, குஜராத்தி, முஸ்லிம் வணிகர் என எல்லாரும் அதில் இருந்தார்கள். பம்பாய்க்கு ஜே.ஜே. மருத்துவமனையைத் தந்த பார்சி வள்ளல் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் அபினில் பொருள் குவித்தவரே. அனைவருக்கும் மேலான அபின் முதலாளி இந்தியாவை ஆண்ட அரசு. நிலவரிக்கு அடுத்த பெரிய வருவாய் இனங்களில் அபினும் ஒன்று. பம்பாய் நகரத்தின் மூலதனமே பெருமளவு மால்வா அபினில் திரண்டது என்று வரலாற்றாசிரியர் அமர் ஃபரூக்கி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஒரு சமூகத்தின் தலையில் பழியைக் கட்டுவது யூதர் மீதான பழைய வெறுப்புக்குத் தீனி போடுவதாகவே முடியும்.

இனி அவர் கொடுத்தவை. பம்பாய் பைக்குல்லாவில் மாகேன் டேவிட் தொழுகைக்கூடம். புனேயில் மக்கள் லால் தேவள் என்று அழைக்கும் செங்கல் தொழுகைக்கூடம். அதன் வளாகத்தில்தான் அவர் சமாதி இருக்கிறது. 1857இல், குற்றம் புரிந்த சிறுவர்களைச் சிறையில் தள்ளாமல் தொழில் கற்றுக்கொடுக்கும் சீர்திருத்தப் பள்ளி. பம்பாய் காலா கோடாவில் மஞ்சள் நிற மாலாட் கல்லில் 1870இல் கட்டி முடிக்கப்பட்ட நூலகம். 1847இல் நாணயச் சாலையிலும் கப்பற்பட்டறையிலும் வேலை பார்த்த தொழில்நுட்ப ஊழியர்கள் தொடங்கிய சங்கத்துக்குக் கட்டப்பட்ட வீடு அது. இன்றும் அங்கே உறுப்பினர்கள் வந்து படிக்கிறார்கள்.

இவை எல்லாவற்றிலும் பெரியது புனே சாசூன் மருத்துவமனை. 1864 நவம்பரில் அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1867இல் அது திறக்கப்பட்டது. இன்று பி.ஜே. மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அரசு மருத்துவமனை அது. புனே வட்டாரத்து ஏழைகளுக்குப் பெரிய புகலிடம்.

அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சி. 1924 ஜனவரி 12. எரவாடா சிறையில் ஆறாண்டுத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த காந்தியடிகளைக் கடுமையான குடல்வால் நோயோடு சாசூன் மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். அறுவை செய்ய வேண்டியவர் ஆங்கிலேய மருத்துவர் கர்னல் மேடாக். நோயாளிக்கு ஏதாவது நேர்ந்தால் நாடு கொந்தளிக்கும். புனேயில் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவராக இருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரை வரவழைக்கிறார்கள். அரசியலில் காந்தியோடு முரண்பட்டவர், ஆனால் உற்ற நண்பர். அறுவைக்குத் தாம் மனமுவந்து சம்மதிப்பதாகக் காந்தி தரும் அறிக்கையைச் சாஸ்திரியார் எழுதுகிறார், காந்தி கையெழுத்திடுகிறார். அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே மின்விளக்கு அணைந்துபோகிறது. அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் மேடாக் வேலையை முடிக்கிறார். பிப்ரவரி 5ஆம் தேதி அரசு காந்தியை நிபந்தனையின்றி விடுவித்தது.

மதுவையும் அபினையும் ஒழிக்கப் பாடுபட்டவரின் உயிர், அபின் காசில் எழுந்த கட்டடத்தில் காப்பாற்றப்பட்டது. கேள்வியின் முழுக் கனமும் இந்த ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது.

இதற்கு இதுவரை சொல்லப்பட்டு வந்த விடைகள் மூன்று. ஒன்று, வந்த வழியைக் கேட்காதே, சென்ற வழியைப் பார் என்பது. செசில் ராத் 1941இலும் ஸ்டான்லி ஜாக்சன் 1968இலும் எழுதிய சாசூன் வரலாறுகளில் குடும்பத்தின் மாட்சியே முன்னால் நிற்கிறது. கல்வெட்டு மொழியும் இதுதான். எந்தத் தருமக் கல்லிலும் ஈட்டிய விதம் பொறிக்கப்படுவதில்லை. இந்த விடை எனக்கு ஒப்பவில்லை. குவாங்சோவில் அபின் புகைத்துக் குடும்பம் அழிந்தவனுக்குப் புனேயில் கட்டிய மருத்துவமனையால் என்ன பயன்? நட்டம் ஓரிடத்தில், நன்மை வேறிடத்தில். அந்த நட்டக்காரன் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

இரண்டாவது விடை அதற்கு நேர் எதிர். பழிப்பணம் பழிப்பணமே, கொடை வெறும் முகப்பூச்சு என்பது. கோபம் நியாயமானது. ஆனால் அதை முற்றாக ஏற்றால், மருத்துவமனையில் உயிர் பிழைத்த லட்சக்கணக்கான ஏழைகளைக் கணக்கிலிருந்து அடிக்க வேண்டியிருக்கும். அதுவும் அநீதி. தவிர, அதே அபினில் சம்பாதித்துவிட்டு ஒரு செங்கல்கூட எடுத்து வைக்காமல் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களையும் இவரையும் ஒரே தட்டில் வைக்க மனம் வரவில்லை.

மூன்றாவது, அக்காலத்தில் அது சட்டப்படியான தொழில், இக்கால அறத்தை அக்காலத்தின் மீது ஏற்றாதே என்பது. கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் அபின் கொடியது என்று அக்காலத்தவருக்கே தெரியும். லின் சேசூ சொன்னார். பிரிட்டனிலேயே பாதிரிமார்களும் குவேக்கர்களும் பல்லாண்டு இயக்கம் நடத்தினார்கள். 1893இல் அரச ஆணையம் விசாரித்தது. 1906இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே அதை அறத்துக்குப் புறம்பானது என்று தீர்மானித்தது. 1907இல் சீனத்தோடு ஒப்பந்தம் செய்து படிப்படியாகக் குறைத்தார்கள். சாசூன் வாரிசுகள் கடைசிவரை விட மனமின்றி நின்றார்கள் என்பதைக் குடும்ப ஆவணங்களைக் கொண்டே எழுதியிருக்கிறார் ஜோசப் சாசூன். அதே வம்சத்தில் வந்த பேராசிரியர். 2022இல் வந்த அவர் நூல் இந்த விவாதத்தையே மாற்றியது. ஜெருசலேமில் இஸ்ரேல் தேசிய நூலகத்தில் உள்ள ஆயிரக்கணக்கான கடைக் கடிதங்களை, எபிரேய எழுத்திலிருந்த அந்த அரபு மொழியைப் படித்தே அவர் எழுதினார். கொடையும் கொடுமையும் ஒரே கையெழுத்தில் இருப்பதை அங்கே காணலாம்.

கொடை யாருக்குப் போயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். சாசூனின் மருத்துவமனையும் நூலகமும் சாதி மதம் பாராமல் எல்லாருக்கும் திறந்திருந்தன. சொந்த மதத்துக்குள்ளோ பிரிவினை இருந்தது. கொங்கணக் கரையில் நெடுங்காலமாக வாழ்ந்து, மராத்தி பேசி, எண்ணெய் செக்கு ஓட்டிய பெனே இஸ்ரேல் யூதர்களைப் பாக்தாதி யூதர்கள் தங்களுக்குச் சமமாக ஏற்கவில்லை. 1830களிலேயே இடுகாட்டில் நடுச்சுவர் கேட்டு மனுச் செய்யும் அளவுக்கு அது போயிற்று. அயலாருக்குத் திறந்த கதவு உறவினருக்கு மூடியிருப்பதை நம் ஊர்களிலும் பார்த்திருக்கிறோம்.

வாரிசுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூத்த மகன் அப்துல்லா, ஆல்பர்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1875இல் பம்பாய் கொலாபாவில் சாசூன் துறையைக் கட்டினார். இன்று அது பெரிய மீன் சந்தை. எலியாஸ் பிரிந்து தனிக் கம்பெனி கண்டார். பேரன் ஜேக்கப் ஆலைகள் நடத்தி, பம்பாய் அறிவியல் கழகத்துக்கு வாரி வழங்கினார். கொள்ளுப்பேரர்களில் ஒருவர், முதல் உலகப்போரின் கொடுமையைக் கவிதையாக்கிய சீக்ஃப்ரீட் சாசூன். இன்னொரு கிளையில் வந்த விக்டர் சாசூன் ஷாங்காயில் மாடமாளிகைகள் கட்டினார். ஹிட்லருக்குத் தப்பி 1938க்குப் பின் அங்கே வந்து குவிந்த பல்லாயிரம் யூத அகதிகளுக்கு இடமும் பணமும் கொடுத்தார். சீனத்தில் கம்யூனிஸ்டுகள் வென்றதோடு அந்தச் சொத்தும் போயிற்று. பெருங்கம்பெனி நான்கு தலைமுறையில் கரைந்தது.

கொடை கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே வேறொரு உறவு இருக்க முடியும் என்று காட்டியவர் அமெரிக்க யூத வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்ட். சியர்ஸ் நிறுவனத்தை வளர்த்தவர். தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளிகள் கட்ட, புக்கர் வாஷிங்டனோடு சேர்ந்து 1912இல் தொடங்கினார். ஏறத்தாழ ஐயாயிரம் பள்ளிகள் எழுந்தன. முழுப் பணத்தையும் அவர் தரவில்லை. ஒரு பங்கை அவர் தருவார், மறு பங்கை ஊர்க்காரர்கள் பணமாகவோ நிலமாகவோ உழைப்பாகவோ போட வேண்டும், அரசும் தர வேண்டும். பள்ளி ஊரார் சொத்தாக நின்றது. தம் அறக்கட்டளை தாம் இறந்து 25 ஆண்டுகளுக்குள் செலவழிந்து தீர வேண்டும் என்று விதித்தார். 1948இல் பதினாறே ஆண்டுகளில் தீர்ந்தது. கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்தில் ஊரே கூடி ஒருவரை நிமிர்த்திவிடும் பழக்கம் உள்ள மக்களுக்கு, ஊர்ப்பங்கு சேரும்போது கொடைக்கு வரும் வலுவைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நம் கணக்கு. நகரத்தார் பர்மாவில் நெல் விளைவிக்கும் உழவர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். காடாக இருந்த ஐராவதிச் சமவெளி உலகின் பெரிய அரிசிக் களஞ்சியமானதில் அவர்களின் முதலுக்குப் பெரும் பங்கு உண்டு. 1930இல் உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை விழுந்தபோது, உழவர்களால் கடனைத் திருப்ப முடியவில்லை. ஈட்டு நிலங்கள் கடைக்காரர் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த நகரத்தார் நிலம், 1938இல் இருபத்தைந்து பங்கானது. நிலம் அவர்கள் விரும்பி வாங்கியதல்ல. பணமே அவர்களுக்கு வேண்டியது. ஆனால் நிலமிழந்த பர்மிய உழவனுக்கு அந்த விளக்கம் ஆறுதல் தராது. 1942இல் ஜப்பானியர் வந்தபோதும், விடுதலைக்குப் பின் நிலம் நாட்டுடைமையானபோதும் எல்லாம் போயிற்று. எத்தனையோ குடும்பங்கள் வெறுங்கையோடு வந்தன.

அந்தப் பணத்தில் நல்லவை நடந்தன. பொன்னமராவதிப் பக்கம் மேலைச்சிவபுரியில் 1909இல் சன்மார்க்க சபை தோன்றியது. பண்டிதமணி கதிரேசனார் அதன் உயிராக விளங்கினார். அதன் வழியில் வந்த கணேசர் செந்தமிழ்க் கல்லூரி தலைமுறை தலைமுறையாகத் தமிழாசிரியர்களை உருவாக்கியது. சாசூன் நூலகத்துக்குச் சற்றும் குறையாத கொடை இது என்பேன். அபினையும் வட்டிக் கடையையும் நான் சமமாக்கவில்லை. ஒன்று நஞ்சு, மற்றது உழவுக்கு வேண்டிய முதல். ஆனால் இரண்டிலும் அக்கரையில் இழந்தவன் ஒருவன் உண்டு என்பதை மறைக்கக் கூடாது.

இதை உணர்த்தும் மனிதர் ஒருவர் அதே மேலைச்சிவபுரியில் பிறந்திருக்கிறார். வ.சுப. மாணிக்கம், 1917இல் பிறந்தவர். சிறு வயதில் பெற்றோரை இழந்து, பர்மாவில் ஒரு வட்டிக் கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போனார். ஒருநாள் வருமான வரி அதிகாரி வரும் செய்தி தெரிந்து, முதலாளி உள்ளே இருந்துகொண்டே, தாம் இல்லையென்று சொல்லிவிடச் சொன்னார். பையன் மறுத்துவிட்டான். வேலை போயிற்று. ஊர் திரும்பியவர் பண்டிதமணியிடம் தமிழ் கற்றார்; பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். வட்டிக் கடையில் உட்கார்ந்து மறைக்க மாட்டேன் என்று சொன்ன சிறுவன், அந்தத் தொழிலின் கொடையால் வளர்ந்த தமிழைக் கற்றே உயர்ந்தார். இரண்டு பக்கமும் நம் மண்ணின் பெருமைதான்.

என் தீர்ப்பு இது. டேவிட் சாசூன் பெரிய கொடையாளி. பெருந்தீங்கு செய்த வணிகத்தின் தலைவர்களில் ஒருவர். ஒன்று மற்றதைக் கழித்துவிடாது. அவர் சிலைக்கு மாலை போடுகிறவர்கள் அடுத்த பத்தியில் அபினையும் எழுத வேண்டும். அபினை எழுதுகிறவர்கள் மருத்துவமனையை விட்டுவிடக் கூடாது. அவரைப் பற்றி இவ்வளவு துல்லியமாகப் பேச முடிவதற்குக் காரணம் ஒன்றே: கடிதங்களும் கணக்குகளும் பாதுகாக்கப்பட்டன, படிக்கத் திறந்து வைக்கப்பட்டன.

நம் பக்கம் அப்படியில்லை. ராங்கியம், குழிபிறை, பனையப்பட்டி, நச்சாந்துபட்டி, விராச்சிலை, கோனாபட்டு வீடுகளில் பேரேடும் குறிப்பேடும் ஐந்தொகைச் சிட்டைகளும் பரணில் கிடந்து செல்லரிக்கின்றன. வீடு பிரிக்கப்படும்போது தேக்குத் தூணுக்கு விலை பேசுகிறோம்; தாள் கட்டுகள் எடைக்குப் போகின்றன. அந்தக் கட்டுகளில்தான் மகமை எவ்வளவு, யாருக்குக் கடன், யார் நிலம் எப்படி வந்தது என்பதெல்லாம் இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு கட்டு இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். புதுக்கோட்டை ஞானாலயாவிடமோ சென்னை ரோஜா முத்தையா நூலகத்திடமோ பேசுங்கள். கொடுக்க மனமில்லையென்றால் பக்கம் பக்கமாகப் படமெடுத்தாவது வையுங்கள். மகமைப் பக்கத்தை மட்டும் அல்ல, முழுப் பேரேட்டையும்.